வடிகால் எல்லோருக்கும் பொது

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான இறக்குமதி வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலைக் கலங்கவைத்த அந்த அறிவிப்பு, வேதாரண்யம் தொடங்கி சீர்காழி வரை இறால் குட்டை வைத்திருப்பவர்களையும் அதே அளவு கலங்கவைத்தது. பிடிக்கப்போகும் இறாலுக்கு என்ன விலை கிடைக்கும், கடனுக்கு எடுத்த தீவனத்துக்கு எப்படிப் பணம் கட்டுவது என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். வரி ஏறும், இறங்கும். அரசுகள் பேசித் தீர்க்கும். ஆனால் இந்தக் கடலோரத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கும் வேறொரு கேள்வி இந்தப் பரபரப்பில் மறுபடியும் ஓரமாக ஒதுங்கிவிட்டது. எங்கோ இருப்பவர்கள் உண்பதற்காக நாம் ஒன்றை வளர்க்கும்போது, அதற்கான நிலம், நீர், உழைப்பு ஆகியவற்றின் கணக்கை உள்ளூரில் யார் யாரோடு உட்கார்ந்து தீர்ப்பது?

கணக்கு சிறியதல்ல. 2024-25 நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவின் மதிப்பு 62,408 கோடி ரூபாய். அதில் உறைந்த இறால் மட்டும் 43,334 கோடி, எடையில் 7.41 லட்சம் டன். வாங்குவோரில் அமெரிக்காவுக்கே முதலிடம். வளர்ப்பில் ஆந்திரம்தான் பெரிது; தமிழ்நாட்டின் பங்கு அதனோடு ஒப்பிடச் சிறியது. ஆனாலும் நம் கடலோரத்தில் இந்தச் சாகுபடி நடக்கும் இடத்தைச் சாதாரணமாகக் கருதிவிட முடியாது. அது காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறக்கும் நீர் கடைசியாக வந்து சேர்வதும், வடகிழக்குப் பருவமழையில் டெல்டாவின் வெள்ளம் வடிந்து கடலுக்குப் போவதும் அங்கேதான். நெல்லும் உப்பும் மீனும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. வரப்புக்கு இந்தப் பக்கம் செய்ததன் விளைவு அந்தப் பக்கம் தெரியாமல் போகாது.

இறால் வந்தபின் ஊர் கெட்டது என்பவர்களும், இறாலால்தான் ஊர் பிழைத்தது என்பவர்களும் அந்தப் பகுதியில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள். ஒரே குடும்பத்திலேயே இருவரும் இருப்பதுண்டு. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்பதே நம் கருத்து. அந்த இரண்டு உண்மைகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் ஏற்பாடு இதுவரை நமக்கு அமையவில்லை. அதை அமைக்க முடியும் என்று நாம் உறுதியாக நம்புகிறோம்.

பழைய வரலாற்றை முதலில் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1990களின் தொடக்கத்தில் ஏற்றுமதி வருவாய்க்காக அரசும் வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் ஒருசேர இறால் வளர்ப்பை ஊக்குவித்தன. அப்போது வளர்த்தது நம் கடலுக்கே உரிய வரி இறால். கடலோரத்தில் நிலம் ஏக்கர் ஏக்கராகக் கைமாறியது. நெல் வயல்களின் நடுவே கரை போட்டு உப்புநீர் தேக்கப்பட்டது. அதை எதிர்த்து நின்றவர்களில் முன்னால் இருந்தவர்கள் சர்வோதய இயக்கத்தின் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும். கீழ்வெண்மணியில் 1968இல் 44 உயிர்கள் எரிக்கப்பட்டபின் அந்தப் பகுதிக்கு வந்து தங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, பெண்களின் பெயரிலேயே நிலம் பெற்றுத்தரும் வேலையைத் தொடங்கியவர்கள் அவர்கள். அதற்காக 1981இல் லாஃப்டி என்ற அமைப்பையும் உருவாக்கினார்கள். பாடுபட்டுக் கிடைத்த ஓர் ஏக்கருக்குப் பக்கத்தில் உப்புநீர் வந்து நின்றால் அந்த ஏக்கரின் கதி என்ன என்பதே அவர்களுடைய கவலை. பண்ணைகளுக்கு முன்னால் சத்தியாகிரகம் இருந்தார்கள். 1994இல் உச்ச நீதிமன்றம் போனார்கள்.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், ஊர்ப் பொது நிலம் ஆகியவற்றை இறால் குட்டையாக மாற்றக் கூடாது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகள், பாரம்பரிய முறையில் நடப்பவை தவிர, அகற்றப்பட வேண்டும். சூழலைக் கெடுத்தவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வருவாயைவிட இழப்பே அதிகம் என்று நாக்பூரின் தேசியச் சூழலியல் பொறியியல் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருந்ததை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இதே தீர்ப்பின் வேறொரு பகுதியைப் பலர் மறந்துவிட்டார்கள். மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான இழப்பீட்டோடு ஆறு ஆண்டு ஊதியமும் கூடுதலாகத் தர வேண்டும் என்றும் அது சொன்னது. ஒரு தொழிலை நிறுத்தச் சொன்ன நீதிமன்றமும், அதில் கூலிக்கு நின்றவரின் அடுப்பைப் பற்றி யோசித்தது.

தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. மறுஆய்வு மனுக்கள் வந்தன. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் ஆணையம் அமைந்தது. பண்ணைகளுக்குப் பதிவு கட்டாயமானது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலிருந்து இந்தத் தொழிலுக்கு, 1991 முதலே பொருந்தும்படி, விலக்கும் கிடைத்தது. நீதிமன்றத்தில் வென்றது நாடாளுமன்றத்தில் தோற்றதாக ஒரு தரப்பு வருந்தியது. மூடிவிடாமல் நெறிப்படுத்தியதே சரி என்று மற்றொரு தரப்பு வரவேற்றது. 2023இல் வந்த திருத்தம் சிறைத் தண்டனைப் பிரிவை நீக்கி, அபராதத்தை மட்டும் வைத்தது. அதையும் இரு விதமாகப் பார்க்கலாம். சிறு பண்ணையாளருக்கு அச்சம் நீங்கியது உண்மை. அபராதத்தை ஒரு செலவாகக் கட்டிவிட்டு நகரக்கூடியவருக்குத் தடை தளர்ந்ததும் உண்மை.

இப்போது இறால் வளர்ப்பவரின் பக்கம் நின்று பார்ப்போம். தொண்ணூறுகளில் வந்த பெரிய நிறுவனங்கள் பல, 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் பரவியபோதே கைகழுவிப் போய்விட்டன. இன்று குட்டை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சில ஏக்கர் சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள். 2009இல் அரசு அனுமதித்த வனாமி இறாலைத்தான் வளர்க்கிறார்கள். மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரைக்கு உரிய இனம் அது. நோயற்ற தாய் இறால்கள் வெளிநாட்டிலிருந்து வந்து, சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதிக்கப்பட்டபின் பொரிப்பகங்களுக்குப் போகின்றன. இத்தனை கவனத்துக்குப் பிறகும் நோய் வருகிறது. குட்டை நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓர் இரவு நின்றால் குட்டை முழுவதும் இறால் செத்து மிதக்கும். நோய் அறிகுறி தெரிந்த உடனே, எடை ஏறாத இறாலை நூறு கவுண்டிலேயே, அதாவது கிலோவுக்கு நூறு நிற்கும்போதே, பிடித்து விற்க வேண்டிவரும். விலையை எங்கோ ஓர் ஊரின் சந்தை தீர்மானிக்கிறது. மின்கட்டணமும் தீவன விலையும் இங்கே ஏறுகின்றன. இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளையைக் கல்லூரியில் படிக்கவைத்த குடும்பங்கள், ஓட்டு வீட்டைக் கான்கிரீட் வீடாக்கிய குடும்பங்கள் உண்டு. நெல்லை மட்டும் நம்பியிருந்தால் அது நடந்திருக்காது என்று அவர்கள் சொல்வதை நாம் மறுக்க முடியாது.

நிலத்தைப் பற்றிய அவர்களுடைய வாதமும் எடை உள்ளதுதான். கடைமடையில் உப்பு ஏறியதற்கு இறால் மட்டும் காரணம் அல்ல. ஆற்றில் நீர்வரத்து குறைந்தால் கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறுகிறது. நிலத்தடி நீரை இறைக்க இறைக்க உப்புநீர் நிலத்துக்கு அடியில் நகர்ந்து வருகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் சுமார் 6,000 உயிர்களைக் கொண்டுபோனதோடு, ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலில் உப்பையும் விட்டுச் சென்றது. தண்ணீர் வராத, வந்தாலும் விளையாத நிலத்தை என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். தரிசாகப் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், குட்டை வெட்டியதும் எல்லோரும் கேட்கிறார்கள் என்ற மனக்குறையும் அவர்களிடம் இருக்கிறது.

நெல் விவசாயிக்கு வேறு அனுபவம். அந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு உப்பேறிய வயல்களில் பெரும்பாலானவை நல்ல மழையும் சரியான வடிகாலும் கிடைத்ததும் சில பருவங்களில் மீண்டு விளைந்தன. உப்பைக் கழுவி வெளியேற்ற முடியும் என்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதனால்தான் கழுவ முடியாத உப்புக்கு அவர் அஞ்சுகிறார். குட்டையின் நீர்மட்டம் பக்கத்து வயலைவிட உயரமாக நிற்கிறது. மாதக்கணக்கில் நிற்கும் அந்த நீர் கரை வழியாகக் கசிகிறது. களிமண் பாங்கான இடத்தில் கசிவு குறைவு. மணற்பாங்கான இடத்தில் அதிகம். அறுவடையின்போது குட்டையைத் திறந்து விடுகிறார்கள். தின்னாத தீவனமும் இறாலின் கழிவும் கலந்த உப்புநீர், அவருடைய வயல் வடிய வேண்டிய அதே வடிகாலில் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடிகாலை ஒட்டிப் போட்ட குட்டைக் கரை தண்ணீரை மறித்தால், சம்பாப் பயிர் நாள்கணக்கில் மூழ்கி அழுகுகிறது. இதையெல்லாம் அவர் யார் மேலும் உள்ள பகையால் சொல்லவில்லை.

இந்த இருவருக்கும் நிலம் இருக்கிறது; அதனால் அவர்களுடைய குரல் ஏதாவது ஓர் அலுவலகத்தில் கேட்கிறது. நிலமில்லாதவர்களின் நிலை வேறு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களுக்கு ஒரு வயல் குட்டையானால் அந்த வயலின் கூலி நாள்கள் அப்படியே போய்விடுகின்றன. குட்டைக்குத் தேவைப்படுவது காவலுக்கும் தீவனம் போடவும் இரண்டு மூன்று ஆண்கள். இறால் உரிக்கும், பதப்படுத்தும் வேலை பெண்களுக்குத்தான் அதிகம் கிடைக்கிறது. ஆனால் அந்த ஆலைகள் பெரும்பாலும் தூத்துக்குடி போன்ற வேறு ஊர்களில் இருக்கின்றன. இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெல்லிலும் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து கூலி நாள்களைக் குறைத்துவிட்டன. இறாலை நிறுத்தினால் பழைய வேலை தானாகத் திரும்பிவிடும் என்று அந்தப் பெண்களுக்கு வாக்களிப்பது நேர்மையாகாது. அவர்கள் உடனடியாகக் கேட்பது பெரும்பாலும் அதைவிட எளிய ஒன்று: குடிக்கவும் சமைக்கவும் உப்பில்லாத தண்ணீர். கோடையில் ஊர்க் கைப்பம்பு கரித்துப்போனால் குடத்தோடு நடப்பது அவர்கள்தான்.

முகத்துவாரத்தில் நண்டும் மடவையும் பிடித்து வாழும் சிறு மீனவர்களையும் விட்டுவிடக் கூடாது. வடிகாலில் இறங்கும் எதுவும் முடிவில் அவர்கள் வலை போடும் இடத்துக்கே வந்து சேர்கிறது.

இந்தச் சிக்கலைச் சந்தித்தவர்கள் நாம் மட்டும் அல்ல. ஈக்வடாரில் இறால் குட்டைகளுக்காக அலையாத்திக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. வங்கதேசத்தின் குல்னா பகுதியில் 1990 நவம்பரில் இறால் பண்ணைக்கு எதிரான ஊர்வலத்தில் கருணாமயி சர்தார் என்ற பெண் கொல்லப்பட்டார். அவர் வாழ்ந்த, சுற்றிலும் கரை கட்டிய இருபத்திரண்டாம் போல்டர் பகுதி மக்கள் அதன்பின் இறாலை உள்ளே விடாமல் நெல்லையும் காய்கறியையும் காத்துக்கொண்டார்கள். நம் கடலோரத்தில் நீதிமன்றமும் சட்டமும் அறவழிப் போராட்டமும் நம்மை அந்த அளவுக்குப் போகாமல் தடுத்திருக்கின்றன. பேசித் தீர்க்கும் வாய்ப்பு நமக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் கடமையும் நமக்கு உண்டு.

எங்கிருந்து தொடங்குவது? நம் பார்வையில் சிக்கலின் முடிச்சு ஓர் இடத்தில் இருக்கிறது. அனுமதி ஒவ்வொரு பண்ணைக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. பாதிப்போ எல்லோருக்கும் பொதுவான வடிகாலில் நேர்கிறது. விதிகளை எடுத்துப் பாருங்கள். குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர், 500 பேருக்கு மேல் வாழும் ஊரிலிருந்து 300 மீட்டர் தள்ளிக் குட்டை இருக்க வேண்டும். 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணை கழிவுநீரைத் தேக்கித் தெளியவைக்கும் குளம் அமைக்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் ஒரே வடிகாலின் கரையில் இரண்டு ஹெக்டேர் பண்ணைகள் முப்பது இருந்தால்? தனித்தனியே ஒவ்வொன்றும் சிறியது. யாரும் தெளிவுக்குளம் வெட்ட வேண்டியதில்லை. சேர்த்துப் பார்த்தால் 60 ஹெக்டேரின் கழிவுநீர் ஒரே வாய்க்காலில் இறங்குகிறது. ஒருவரும் விதியை மீறவில்லை; வாய்க்கால் மட்டும் கெட்டிருக்கிறது.

ஆகவே கணக்கின் அலகாகக் குட்டையை விட்டுவிட்டு வடிகாலை எடுத்துக்கொள்வோம் என்பதே நம் வேண்டுகோள். ஒரு வடிகாலைப் பகிர்ந்துகொள்ளும் எல்லோரும், நெல் விவசாயி, இறால் விவசாயி, கூலித் தொழிலாளர், முகத்துவார மீனவர், ஊராட்சி என அனைவரும், ஒரு குழுவாகக் கூடட்டும். இது நமக்குப் புதிய யோசனையும் அல்ல. ஏரியையும் வாய்க்காலையும் ஊரே கூடிப் பராமரித்த குடிமராமத்து நம் வழக்கம்தான். அன்று நீர் வரும் வழியைப் பேண ஊர் கூடியது. இன்று நீர் போகும் வழியைப் பேணவும் கூட வேண்டியிருக்கிறது.

இப்படிக் கூடுவது இறால் வளர்ப்பவருக்குச் செய்யச் சொல்லும் தியாகம் அல்ல. அவருடைய பெரிய எதிரி வெள்ளைப்புள்ளி நோய். அது நீர் வழியாகவே பரவுகிறது. மேலே உள்ளவர் நோய் வந்த குட்டையைச் சொல்லாமல் திறந்து விட்டால், கீழே உள்ளவர் அதே நீரை மோட்டார் போட்டுத் தன் குட்டைக்குள் இழுக்கிறார். நோய் வந்ததை மறைக்கத் தோன்றுவது இயல்பு. வியாபாரி விலையைக் குறைப்பார் என்ற பயம் இருக்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரே வடிகால்காரர்கள் ஒரே வாரத்தில் குஞ்சு விடுவது, ஒரே பொரிப்பகத்தில் சோதித்த குஞ்சை வாங்குவது, நீரை யார் எப்போது எடுப்பது எப்போது விடுவது என்று முறை வைப்பது ஆகியவை இழப்பைக் குறைக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. சிறு விவசாயிகளை இப்படிக் குழுக்களாகச் சேர்க்கவே 2007இல் நீடித்த நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான தேசிய மையம் தொடங்கப்பட்டது. அந்தக் குழுவில் இறால் விவசாயி மட்டும் உட்காராமல், பக்கத்து வயல்காரரும் உட்கார வேண்டும் என்பதைத்தான் நாம் கூடுதலாகக் கேட்கிறோம்.

குழு என்ன செய்யலாம்? தனி ஆளால் முடியாத தெளிவுக்குளத்தைப் பொதுவில் ஒன்றாக வெட்டலாம். கழிவுநீரை அதில் சில நாள் நிறுத்தி, சேறு அடியில் படிந்தபின், மடவையும் சிப்பியும் கடற்பாசியும் மிச்சச் சத்தை உண்டபின், ஏற்றம் வற்றம் பார்த்துக் கடலை நோக்கி விடலாம். சம்பா நேரடி விதைப்பு தொடங்குமுன் குட்டைகளைத் திறந்து முடிப்பது என்று ஒரு நாள்காட்டி வைத்துக்கொள்ளலாம். வடிகாலை மறிக்கும் கரைகளைப் பருவமழைக்கு முன் சேர்ந்து பார்த்துத் திருத்தலாம். குட்டைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு தாழ்வான கசிவு வாய்க்கால் வெட்டினால் பக்கவாட்டில் நகரும் உப்பில் ஒரு பகுதியாவது அதில் இறங்கிவிடும்; அதற்கான இடத்தைக் குட்டைக்காரர் விட வேண்டும், தூர் வாரும் கூலியை ஊராட்சி பார்த்துக்கொள்ளலாம். இவற்றில் எதுவும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. தொழில்நுட்பம் தேவைப்பட்டால் அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது: நாகையில் மீன்வளப் பல்கலைக்கழகம், சீர்காழியில் ராஜீவ்காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், சென்னையில் மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு நிறுவனம். இவற்றின் அறிவு இறால் எடையைக் கூட்டுவதற்குப் பயன்படும் அளவுக்கு அயல் வயலின் உப்பைக் குறைப்பதற்கும் பயன்படட்டும்.

எந்த நிலத்தில் எது என்பதில் நம் நிலைப்பாட்டையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். நெல் விளையும் நிலம் நெல்லுக்கே இருக்க வேண்டும். 1996 தீர்ப்பின் அந்தப் பகுதி இன்றும் நியாயமானது. 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியபோது நாம் அனைவரும் ஏற்றுக்கொண்ட உணர்வும் அதுவே. அதேபோல், முகத்துவாரத்தை ஒட்டி, நெடுங்காலமாக உப்பேறிக் கிடக்கும் நிலத்தில், பதிவு பெற்று, விதிப்படி நடக்கும் இறால் வளர்ப்பைக் குற்றம்போல் பார்ப்பதையும் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம்தான் கடினமானது. இரண்டு ஆண்டு தண்ணீர் வரவில்லை என்பதற்காக அதைக் குட்டையாக்கினால் மூன்றாம் ஆண்டு நல்ல தண்ணீர் வரும்போது திரும்ப வழியில்லை. அத்தகைய நிலத்தில் முடிவை நிலத்தின் உரிமையாளர் மட்டும் எடுக்காமல், கிராம சபையில் வைத்து, பக்கத்து வயல்காரர்கள் பேசியபின் எடுப்பது நல்லது. வெளியூரில் வாழ்ந்துகொண்டு குத்தகைப் பணத்தை மட்டும் பெறும் உரிமையாளர்களிடமும் இந்த வேண்டுகோளை வைக்கிறோம். பிறந்த மண்ணின் மேல் அவர்களுக்கு உள்ள பாசத்தை நாம் சந்தேகிக்கவில்லை; ஒப்பந்தம் போடுமுன் ஊரில் ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறோம்.

அரசின் பங்கு தெளிவானது. பதிவில்லாத பண்ணைகள் இருப்பது அதிகாரிகளுக்கும் தெரியும். அவற்றை ஒரே நாளில் இடிப்பதும் கண்டும் காணாமல் விடுவதும் தவிர வேறு வழி உண்டு: தகுதியான இடத்தில் இருப்பவற்றுக்குப் பதிவை எளிதாக்கி, தகுதியற்ற இடத்தில் இருப்பவற்றுக்கு ஒரு கெடு வைத்து, வெளியேறும் சிறு விவசாயிக்கு நிலத்தைச் சீர்செய்ய உதவுவது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுதான் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கிறது. துறை அதிகாரிகளோடு கடைமடை விவசாயி ஒருவரும் விவசாயக் கூலிப் பெண் ஒருவரும் அங்கே கருத்துச் சொல்ல இடம் கொடுத்தால், ஆட்சியருக்கு முடிவெடுப்பது எளிதாகும்.

வாங்கும் நாடுகளிடமும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியம் இந்திய இறாலில் ஆண்டிபயாடிக் எச்சம் உள்ளதா என்று பார்க்க, 2016 முதல் வந்திறங்கும் சரக்கில் பாதியைச் சோதிக்கிறது. தம் மக்களின் உடல்நலத்தில் அவர்கள் காட்டும் அக்கறை மதிக்கத்தக்கது. அந்தக் கண்டிப்பால் நம் பண்ணைகளிலும் மருந்துப் பயன்பாட்டில் கவனம் கூடியது நல்லதே. ஆனால் துறைமுக ஆய்வகம் இறாலுக்குள் இருப்பதைத்தான் பார்க்கிறது. அந்த இறால் நீங்கிய குட்டை நீர் எங்கே போனது என்று அது கேட்பதில்லை. அதைக் கேட்கும் தனியார் தரச் சான்றிதழ்கள் உண்டு. ஆனால் சான்றிதழ் பெறும் செலவை இரண்டு ஹெக்டேர் விவசாயி தனியே தாங்க முடியாது. வடிகால் குழுவாக விண்ணப்பித்தால் செலவு பகிரும். ஏற்றுமதியாளர்கள் தம் லாபத்தில் ஒரு சிறு பங்கைத் தெளிவுக்குளத்துக்கு ஒதுக்க முன்வந்தால், அயல்நாட்டுக் கடைக்காரரிடம் காட்டவும் அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கும். வரி உயர்வுக்குப் பின் உள்நாட்டுச் சந்தையை வளர்க்க வேண்டும் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். அப்படி வளர்ந்தால் சென்னையிலும் கோவையிலும் இறால் வாங்கும் நமக்கும் இதே கேள்வி வந்து சேரும். வெளிநாட்டாரிடம் எதிர்பார்க்கும் அக்கறையை நாமும் காட்ட வேண்டியிருக்கும்.

இந்த நடுவழி யாருக்கும் முழு நிறைவு தராது. இறாலே வேண்டாம் என்பவர்களுக்கு இது சமரசமாகத் தெரியும். தொழிலைத் தொழிலாக விடுங்கள் என்பவர்களுக்கு இது தலையீடாகத் தெரியும். இரு தரப்பினரையும் நாம் கேட்பது ஒன்றுதான்: அடுத்த முறை வாதிடும்போது கையில் ஓர் அளவு இருக்கட்டும். கிணறு கரித்துப்போனது குட்டையால் என்று ஒருவர் சொல்கிறார். கடல் ஏறியதால் என்று மற்றவர் சொல்கிறார். குட்டை வருமுன் கிணற்றில் உப்பு எவ்வளவு இருந்தது என்பதைப் பெரும்பாலான ஊர்களில் யாரும் எழுதி வைக்கவில்லை. இறால் விவசாயி நாள்தோறும் குட்டை நீரின் உப்பைப் பார்ப்பவர். அந்தப் பழக்கம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. கிணற்று நீரின் உப்பைக் காட்டும் கையடக்க மீட்டரின் விலை ஒரு மூட்டை இறால் தீவனத்தின் விலைக்குள் அடங்கிவிடும். அதை ஊராட்சி வாங்கட்டும். மாதம் ஒருமுறை, குட்டைக்காரரும் வயல்காரரும் சேர்ந்து போய், ஊர்க் கைப்பம்பிலும் வடிகாலின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் அளந்து, ஊராட்சிப் பலகையில் எல்லோரும் படிக்கும்படி எழுதட்டும். பள்ளிப் பிள்ளைகளையும் கூட அழைத்துச் செல்லலாம்.

ஜனவரி 26 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. சம்பா அறுவடை முடியும் தறுவாய். கோடைப் பருவத்துக்கான இறால் குஞ்சை இன்னும் விட்டிருக்க மாட்டார்கள். வடிகால் குழு அமைக்கும் தீர்மானத்தை அன்று கொண்டுவந்து, முதல் அளவையும் அன்றே எடுத்துவிடலாம். குட்டையில் நீர் ஏற்றுமுன் எடுத்த அளவு கையில் இருந்தால்தான், அறுவடை முடிந்து ஆடி மாதம் எடுக்கும் அளவை எதனோடு ஒப்பிடுவது என்ற சண்டை வராது.